கையை எடுக்கிற வேலை

இந்த வேலை பழக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது எங்கே உட்காருவது என்பதைத்தான். பிள்ளை நிலத்தில் என்றால் நாமும் நிலத்தில். அவன் முகத்துக்கு நேரே, கை எட்டுகிற தூரத்தில், நம் கண் அவன் கண் மட்டத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். அவன் திரும்பிக்கொண்டால் பிடித்துத் திருப்பக் கூடாது. நாம் எழும்பிப் போய் அந்தப் பக்கம் உட்கார வேண்டும். நான் அதிகம் போகிற உச்சமுனையில் முற்றமெல்லாம் மணல். மணலில் கால் மடக்கி இருந்து பழகாதவர்களுக்கு கொஞ்ச நேரத்தில் முழங்கால் விறைத்துவிடும். விறைத்தால் அவசரம் வரும். அவசரம் வந்தால் பிள்ளையின் கைக்கு முன்னால் நம் கை போய்விடும். புதிதாக வருகிறவர்கள் விடுகிற பிழைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

ஓட்டிசம் என்று அடையாளம் கண்ட சின்னப் பிள்ளைகளின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பது என் தொழில். ஒன்றரை வயதிலிருந்து பள்ளிக்கூடம் போகிற வயதுவரைக்கும் உள்ள பிள்ளைகள். நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை என்று தெருவால் போகிற ஊர்களும் உண்டு. உச்சமுனைக்குத் தெரு இல்லை. கற்பிட்டியிலிருந்து வள்ளத்தில்தான் போக வேண்டும். மே மாதம் பிடித்துச் செப்டெம்பர் மட்டும் தென்மேற்குக் காற்று அடிக்கிற நாட்களில், போக நினைத்த நாளுக்குப் போகலாம் என்ற நிச்சயம் கிடையாது. வள்ளம் ஓடாத கிழமையிலும் பிள்ளை வளர்ந்துகொண்டுதான் இருக்கிறான். ஆகவே இங்கே என் மாணவர் முதலில் தாய், பிறகுதான் பிள்ளை. நான் வராத நாளில் நடப்பதுதான் உண்மையான பயிற்சி.

இதை வசதியில்லாத ஊரின் சமாளிப்பு என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. இந்தத் துறையில் எல்லாரும் எடுத்துச் சொல்கிற ஆய்வு, அமெரிக்காவில் லோவாஸ் 1987-ல் வெளியிட்டது. அதில் 19 பிள்ளைகளுக்குக் கிழமைக்கு 40 மணித்தியாலம் பயிற்சி கொடுத்தார்கள். அத்தனை மணித்தியாலத்துக்கு ஆள் வைக்கக் கொழும்பில் எத்தனை குடும்பத்தால் ஏலும்? நம் நாட்டில் பேராசிரியர் ஹேமமாலி பெரேராவும் அவருடன் வேலை செய்தவர்களும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு, வீட்டிலேயே பெற்றோர் செய்த பயிற்சியைப் பற்றியது. சில மாதங்களுக்குள்ளேயே பிள்ளைகளில் நல்ல மாற்றம் தெரிந்தது. அதே 2016-ல் இந்தியாவில் கோவாவிலும் பாகிஸ்தானில் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளை வைத்து இன்னொரு ஆய்வு வந்தது. அங்கே வீடுகளுக்குப் போனவர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரண சுகாதாரப் பணியாளர்கள். தாய் பிள்ளையின் போக்கைப் பார்த்து அதோடு சேர்ந்து போவது கூடியது, பிள்ளை தானாக ஒன்றைத் தொடங்குவதும் கூடியது. நான் ஆய்வுக்காரி இல்லை. ஆனால் எங்கள் முற்றங்களில் பார்த்ததும் இதுவே என்பதால் சொல்கிறேன்.

எனக்குத் தொழில் காட்டித் தந்த மிஸ் சிங்களப் பெண். அவருக்குத் தெரிந்த தமிழ் ஒரு கைப்பிடிக்குள் அடங்கும். வா, தா, போ, இன்னும், போதும், சரி. அந்த ஆறு சொல்லை வைத்துக்கொண்டு எங்கள் பிள்ளைகளோடு வேலை செய்வார். நாங்கள் தமிழில் ஓயாமல் கதைத்துக் களைத்துப்போன பிள்ளை, அவர் பக்கத்தில் வந்து குந்தும். ஏன் என்று யோசிக்க எனக்கு அதிக காலம் எடுக்கவில்லை. அவர் கதைக்காத இடத்தில் பிள்ளைக்கு இடம் இருந்தது. ஒரு சாமானைக் காட்டுவார், வாயை மூடிக்கொண்டு காத்திருப்பார். அந்தக் காத்திருப்பில் அவர் முகம் வெறுமையாக இருக்காது. புருவம் கொஞ்சம் உயர்ந்திருக்கும், வாய் அந்தச் சொல்லைச் சொல்லப் போகிற வடிவில் இருக்கும். பிள்ளை ஏதாவது செய்தால் அந்தக் கணமே முகம் மலரும், சாமான் கைக்குப் போகும், சொல்லும் கூடவே போகும். மூன்றும் ஒன்றாக நடக்கும். ஒன்று பிந்தினால் பிள்ளைக்குக் கணக்குத் தப்பிவிடும் என்பார்.

அவர் கையைத்தான் நான் அதிகம் பார்த்தேன். மோதிரம், வளையல், மணிக்கூடு எதுவும் இருக்காது. நகம் ஒட்ட வெட்டியிருக்கும். பிள்ளையின் கையைப் பிடிக்கும்போது விரலால் பிடிக்க மாட்டார். உள்ளங்கையை அடியில் கொடுத்துத் தாங்குவார். பிடித்த கையைப் பிள்ளை உதறும், தாங்குகிற கையை உதறாது.

ஒரு வேலையைக் கிட்ட வைத்துக் காட்டினால்தான் விளங்கும். மூன்று வயது மகன் ஒருவன். கதை இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். பிஸ்கட் வேண்டுமென்றால் தாயின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் டின்னுக்குப் பக்கத்தில் விடுவான். தாயின் முகத்தைப் பார்க்க மாட்டான். அவனுக்கு வேண்டியது அந்தக் கை மட்டும். இது இந்தப் பிள்ளைகளில் பலருக்கும் உள்ள வழக்கம். தாய்மார் இதைப் பார்த்து, "மிஸ், இவனுக்கு எல்லாம் விளங்குது, கதைக்கத்தான் இல்லை" என்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பாதி சரி. தேவை அவனுக்குத் தெரிகிறது. அதை இன்னொரு ஆளிடம் கேட்டு வாங்கலாம் என்பதுதான் இன்னும் தெரியவில்லை. நாம் கட்ட வேண்டிய பாலம் அந்த இடத்தில்.

முதலில் டின்னை எடுத்துவிட்டு, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் போத்தலில் பிஸ்கட்டைப் போட்டு மூடியை இறுக்கினோம். மாரி பிஸ்கட், ஒவ்வொன்றும் நாலு துண்டாக உடைத்தது. முழுசாகக் கொடுத்தால் ஒரு தரம் கேட்டுவிட்டுப் போய்விடுவான். பிஸ்கட் பைக்கற்றின் உறையில் பிஸ்கட் படம் உள்ள பகுதியை வெட்டிக் கார்ட்போட்டில் ஒட்டினோம். கடைப் படத்தைவிட அந்த உறைதான் அவனுக்குத் தெரிந்த முகம். உப்புக் காற்றுக்குப் பசை நிற்காது என்று தாய் அதைச் சுற்றி வலை நூலால் தைத்துத் தந்தார். நான் கொண்டுபோன அட்டைகள் எல்லாம் பிரிந்துபோயின, அவர் தைத்தது கிடந்தது.

இதற்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும். தாய் முன்னால், போத்தலோடு. நான் பிள்ளைக்குப் பின்னால். முன்னால் இருப்பவர் பிஸ்கட்டைக் காட்டுவார், வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். "என்ன வேணும்? படத்தைத் தா, தா பாப்பம்" என்று ஒரு சொல்லும் வரக்கூடாது. இதைத் தாய்மாரிடம் சொல்வது லேசு, செய்விப்பது கடினம். பிள்ளை பிஸ்கட்டுக்குக் கை நீட்டுகிற வரைக்கும் பின்னால் இருப்பவரும் அசையக் கூடாது. நீட்டிய பிறகு, அந்தக் கையைப் படத்துக்குக் கொண்டுபோய், எடுக்க வைத்து, தாயின் கையில் வைக்க உதவ வேண்டும். தாயின் உள்ளங்கை அப்போதுதான் விரிய வேண்டும். முன்கூட்டி விரிந்தால், விரிந்த கையைக் கண்டால்தான் படம் கொடுக்க வேண்டும் என்று பிள்ளை படித்துக்கொள்வான். படம் கையில் பட்டதும், "பிஸ்கட்!" என்று சொல்லிக்கொண்டே பிஸ்கட்.

இப்போது கையை எடுக்கிற வேலை. முதலில் மணிக்கட்டைத் தாங்கி முழுதாகச் செய்விக்கிறோம். அது ஓடத் தொடங்கியதும் முழங்கைக்குப் பின்வாங்குகிறோம். பிறகு தோளில் ஒரு தொடுகை. பிறகு கை அவனுக்குப் பின்னால் சும்மா நிற்கும். கடைசியில் நாமே அந்த இடத்தை விட்டு நகர்கிறோம். எந்தக் கட்டத்தில் எப்போது விடுவது என்று எந்தப் புத்தகமும் சரியாகச் சொல்லித் தராது. பிள்ளையின் கையில் பாரம் மாறும். நாம் தூக்குகிற கை கனமாக இருக்கும், அது தானே போகத் தொடங்கினால் நம் உள்ளங்கையில் லேசாகிவிடும். லேசானதும் விட வேண்டும். அதற்குப் பிறகும் வைத்திருந்தால் நம் கையை நம்பிக்கொண்டு இருக்கப் பழகிவிடுவான். லேசாவதற்கு முந்தியே விட்டால் கை விழுந்துவிடும், ஒரு தோல்வி சேரும். இந்தப் பாரத்தை அறிய மிஸ் என்னை அவர் கைக்குமேல் என் கையை வைத்திருக்கச் சொல்லிப் பழக்கினார். நானும் வருகிறவர்களுக்கு அப்படித்தான் பழக்குகிறேன். எழுதி வாங்கிக்கொண்டு போகக்கூடிய விஷயம் இல்லை.

அந்த மகன் ஒரு பின்னேரம், நான் வலைக்குவியலோடு சாய்ந்து கொப்பி எழுதிக்கொண்டு இருக்கும்போது, தைத்த அட்டையைத் தூக்கிக்கொண்டு குசினிக்குப் போய் மீன் வெட்டிக்கொண்டிருந்த தாயின் கையில் வைத்தான். தாய் கை கழுவாமலே பிஸ்கட் கொடுத்தார். நான் சொன்ன ஒழுங்கு எல்லாம் அந்த இடத்தில் அவருக்கு வந்திருந்தது. வாய் திறந்து "பிஸ்கட்" சொல்லிவிட்டு, பிறகுதான் அழுதார்.

படம் கொடுத்தால் பிள்ளை கதைக்காமலே விட்டுவிடுவான் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. கேட்டால் கிடைக்கும் என்று கண்ட பிள்ளைக்குத்தான் சத்தம் போட ஒரு காரணம் இருக்கிறது. சிலருக்கு அட்டையோடு சத்தம் வரும், பிறகு சொல் வரும், அட்டை தானாக விழுந்துபோகும். சிலருக்கு அட்டைதான் கடைசிவரைக்கும் வாய். "எப்ப கதைப்பான்?" என்று கேட்கிற தாயிடம் திகதி சொல்கிறவரை நம்பாதீர்கள். நீங்களும் சொல்லாதீர்கள்.

சாமான்களைப் பற்றிக் கொஞ்சம். கொழும்பில் விற்கிற தெரபிப் பெட்டிகள் எனக்கு வேண்டாம். உச்சமுனையில் ஒரு பிள்ளை வலை மிதப்பைச் சுழற்றிச் சுழற்றி மணிக்கணக்காக இருப்பான். வீட்டுக்காரர் அதைப் பறித்து ஒளித்தார்கள். நான் அதைத் திருப்பி வாங்கித் தரச் சொன்னேன். அவனுக்கு உலகத்தில் மிகவும் பிடித்தது அது என்றால், அதைவிடப் பெறுமதியான சாமான் எனக்கு எது? மிதப்பை நான் சுழற்றுவேன், நிற்கும், காத்திருப்பேன். அவன் என்னைப் பார்த்தால் மறுபடி சுழற்றுவேன். பிறகு இரண்டு மிதப்பு, அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, நான் செய்வதை அவன் செய்வது. அவன் முதன்முதலில் இன்னொரு ஆளைப் பார்த்துச் செய்த காரியம் அது. ஏணைத் துணி, கயிறு, சிப்பி, தண்ணீர்க் கான், ஓடுகிற நண்டு, எல்லாம் சாமான்தான். ஏணையை ஆட்டி, நிறுத்தி, "இன்னும்?" என்று காத்திருக்கலாம். வீட்டிலுள்ள சாமானால் படித்தது நாம் போன பிறகும் அந்த வீட்டில் இருக்கும்.

அழுகை வேறு பாடம். ஒரு வீட்டில் ஃபோனுக்காக அழுகிற பிள்ளை. தாய் கொடுக்க மாட்டார், தகப்பன் கடலில். அம்மம்மா கொஞ்ச நேரம் தாங்குவார், பிள்ளை தலையை இடித்துக்கொள்ளத் தொடங்கினால் கொடுத்துவிடுவார். அம்மம்மாவில் பிழை சொல்ல எனக்கு மனம் வராது, தலை இடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு யார் இருப்பது? ஆனால் பிள்ளை படித்தது என்ன? அழுதால் கிடைக்காது, இடித்தால் கிடைக்கும். கொடுப்பதை நிறுத்திய முதல் நாட்களில் அழுகை குறையாது, கூடும். இதை முன்கூட்டியே வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாமல் தொடங்கினால் மூன்றாம் நாள் யாராவது ஒருவர் உடைந்து கொடுப்பார். அதுவரைக்கும் இருந்ததைவிடப் பலமான அழுகையைப் பிள்ளைக்குப் பழக்கிவிட்டதாக முடியும். நிறுத்துவதோடு வேலை முடியாது. ஃபோனை அழாமல் கேட்க ஒரு வழியைக் கூடவே கொடுக்க வேண்டும். தொடக்கத்தில் அந்த வழியால் கேட்கிற ஒவ்வொரு தரமும் கிடைக்க வேண்டும். நாங்கள் அம்மம்மாவின் கையில்தான் அட்டையை வாங்குகிற வேலையைக் கொடுத்தோம். தலைக்கு அடியில் தலையணை வைக்கவும் அவரே பழகிக்கொண்டார்.

அமைதியாக இருந்த பிள்ளையில் புதிதாக அழுகை கூடினால் கொப்பியை மூடிவிட்டு முதலில் பல்லைப் பாருங்கள், காதைப் பாருங்கள், வயிறு போகிறதா என்று கேளுங்கள். பல்வலியைப் பிடிவாதம் என்று எண்ணிப் பயிற்சி கொடுத்த வீடுகள் இருக்கின்றன.

கொப்பி என்றேன். ஒரு சீ.ஆர். கொப்பி, ஒரு பென்சில். தானாகச் செய்தால் 'தா', உதவியோடு என்றால் 'உ', செய்யாவிட்டால் 'இ'. எழுத்து ஒன்றுதான், ஆனால் அதை அந்த இடத்திலேயே எழுத வேண்டும். பின்னேரம் வீட்டுக்கு வந்து ஞாபகத்தில் எழுதினால் அன்பு எழுதும். பக்கம் முழுக்க 'உ' கிடந்தால் பிள்ளையில் குறையில்லை, நாம் கையை எடுக்கவில்லை. பக்கம் முழுக்க 'இ' என்றால் கேட்டது கடினம், அல்லது கொடுத்தது அவனுக்குப் பிடிக்கவில்லை. எழுதத் தெரியாத ஒரு தாய் சோகியை மூன்று சிரட்டையில் போட்டுக் கணக்கு வைத்தார். என் கொப்பியைவிட அது சரியாக இருந்தது.

இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் பலதுக்கு தலவில் கோயில் அன்னம்மாளிடம் நேர்ச்சை இருக்கும். பிள்ளை கதைத்தால் வருகிறேன் என்று வைத்த நேர்ச்சை. நான் ஒருபோதும் தடுப்பதில்லை. ஆனால் திருவிழாக் கூட்டமும் லவுட் ஸ்பீக்கரும் இந்தப் பிள்ளைகளுக்குச் சித்திரவதை. ஆகவே முன்கூட்டியே திருவிழா இல்லாத நாளில் ஒரு தரம் கூட்டிக்கொண்டு போய்க் கோயிலைக் காட்டி, போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவை ஒவ்வொரு நாளும் காட்டிப் பிறகு திருவிழாவுக்குப் போகச் சொல்வேன். காதை மூடத் துணி, கையில் மிதப்பு, "போவோம்" என்பதற்கு ஒரு அட்டை. அந்த அட்டையைக் காட்டினால் உடனே வெளியே கூட்டிக்கொண்டு வர வேண்டும், பூசை நடுவில் என்றாலும். கேட்டது ஒருதரம் கிடைக்காவிட்டால் அட்டையில் அவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தத் தொழிலின் தொடக்க காலத்தில் அடியும் அதட்டலும் இருந்தன. லோவாஸின் அந்த ஆய்விலேயே தொடையில் அடித்தது பதிவாகியிருக்கிறது. ஓட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர், தங்களுக்குக் கொடுத்த பயிற்சி எப்படி நொந்தது என்று இன்று எழுதுகிறார்கள். அதை நாம் படிக்க வேண்டும். கண்ணைப் பார் என்று தாடையைப் பிடித்துத் திருப்பாதீர்கள். கை உதறுவதை, முன்னும் பின்னும் ஆடுவதை, யாருக்கும் நோகாதவரைக்கும் விடுங்கள். அது அவன் தன்னைத் தாங்கிக்கொள்கிற வழி. பிள்ளை நம்மைக் கண்டு ஓடி ஒளிந்தால் அன்றைக்குப் பயிற்சி இல்லை, விளையாட்டு மட்டும். நாம் வருகிற வள்ளத்தின் சத்தத்துக்கு அவன் கரைக்கு வர வேண்டும். அப்படி வராத பிள்ளைக்கு ஒன்றும் படிப்பிக்க முடியாது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "ஆம்பிளப் பிள்ளை, பிந்தித்தான் கதைப்பான்" என்று சொல்கிறவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். அதை நம்பிக் காத்திருந்து நாலு வயதில் வருகிற பிள்ளைகளை நான் பார்க்கிறேன். இலங்கையில் கிட்டத்தட்ட 93 பிள்ளைகளில் ஒருவருக்கு ஓட்டிசம் என்று பேராசிரியர் பெரேராவின் குழு 2009-ல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. 18 முதல் 24 மாதப் பிள்ளைகளில் பார்த்த கணக்கு அது. வெளிநாட்டில் செய்த கேள்வித்தாளைத் தாய்மாரிடம் கொடுத்தபோது ஓட்டிசம் உள்ள பிள்ளைகளில் பெரும்பகுதி அதில் பிடிபடாமல் தப்பிவிட்டார்கள். ஆகவே தாளை நம்புவதைவிடக் கண்ணால் பாருங்கள். ஒரு வயது கடந்தும் பெயருக்குத் திரும்பவில்லை, விரல் நீட்டி எதையும் காட்டவில்லை, கண்ட அதிசயத்தை உங்களுக்குக் கொண்டுவந்து காட்டவில்லை, பேசிய ஒன்றிரண்டு சொல்லும் நின்றுபோனது. இதில் ஒன்று இருந்தாலும் 18 மாத ஊசிக்குப் போகும்போது குடும்பநல மிஸ்ஸிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். காது கேட்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். யூடியூப் பார்த்து ஏ, பி, சி ஒப்புவிக்கிற பிள்ளை தண்ணீர் கேட்காமல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். தாய் குளிர்ந்த மனசுக்காரி என்பதால் இது வருகிறது என்று ஒரு காலத்தில் வைத்தியர்களே சொன்னார்கள். அது பொய் என்று எப்போதோ நிறுவியாகிவிட்டது. அந்தப் பழியை எந்தத் தாயும் சுமக்க வேண்டியதில்லை.

பழக வருகிறவர்களுக்குக் கடைசியாக. புத்தளம் மாவட்டத்தில் தமிழ் கதைக்கிற குடும்பங்களுக்குத் தமிழில் இந்த வேலை செய்யக்கூடிய ஆட்கள் போதாது. பேச்சு மொழிச் சிகிச்சையாளரைப் பார்க்கத் தூர இடத்துக்குப் பஸ் ஏறி, அங்கே சொன்னது பாதி விளங்கித் திரும்புகிற தாய்மார் இருக்கிறார்கள். முன்பள்ளி ஆசிரியைகளே, பிரதேச செயலகத்தோடு வேலை செய்கிற தொண்டர்களே, சாதாரண தரம் முடித்துவிட்டு என்ன செய்வது என்று யோசிக்கிற பிள்ளைகளே, நீங்கள் வந்தால் போதும். பட்டம் பிறகு எடுக்கலாம். நகத்தை வெட்டிக்கொண்டு, மணலில் உட்காரக்கூடிய உடுப்போடு வாருங்கள். முதல் நாள் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம், என் கைக்குமேல் உங்கள் கையை வைத்திருங்கள்.